ஐரோப்பாவின் 'ஆம்': வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பிரெஞ்சும் இத்தாலியும் லத்தீனிலிருந்து வந்தவைதானே? பிறகு ஏன் ஒன்றில் 'உய்', மற்றதில் 'சி'?

பதில்: லத்தீனில் 'ஆம்' என்பதற்கென்று ஒரே சொல் நிலைபெறவில்லை. 'வந்தானா?' என்று கேட்டால் 'வந்தான்' என்பார்கள். அல்லது 'அப்படித்தான்' என்ற பொருளில் 'சிக்' என்பார்கள். இத்தாலி, ஸ்பானிய மொழிகளின் 'சி' இந்தச் 'சிக்'கின் வழிவந்தது. தென் பிரான்சில் 'இது' என்று பொருள்படும் 'ஹோக்' தேய்ந்து 'ஒக்' ஆனது. வட பிரான்சில் அதோடு 'அவன்' என்னும் 'இல்லே' ஒட்டிக்கொண்டு 'ஒயில்' ஆகி, கடைசியில் 'உய்' என்று சுருங்கியது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர் தாந்தே இந்த மொழிகளை ஒக், ஒயில், சி என்று 'ஆம்' சொல்லும் முறையை வைத்தே மூன்றாகப் பிரித்தார். தென் பிரான்சில் உள்ள லாங்தோக் என்ற பகுதியின் பெயருக்கே 'ஒக் மொழி' என்றுதான் பொருள். சம்மதச் சொல்லைத் தன் பெயரில் சுமக்கும் நிலம்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத செய்தி இது.

கேள்வி: 'நீ வரவில்லையா?' என்பதற்கு 'ஆம்' என்றால் வந்ததாகவும் கொள்ளலாம், வராததாகவும் கொள்ளலாம். ஐரோப்பியருக்கு இந்தக் குழப்பம் இல்லையா?

பதில்: சிலர் தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். 'இல்லை, வந்தேன்' என்று மறுக்கப் பிரெஞ்சில் 'சி', ஜெர்மனில் 'டொக்'. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நேர்க்கேள்விக்கு 'யே', எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்' என்று இருந்தது. மறுப்பிலும் 'நே', 'நோ' என இரண்டு. விவிலியத்தை மொழிபெயர்த்த டின்டேல் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிட்டார் என்று 1532இல் ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் கண்டித்தார். அந்த நுட்பம் பின்னர் வழக்கொழிந்தது ஆங்கிலத்துக்கு இழப்பே.

கேள்வி: கிரேக்கர் 'நே' என்றால் மறுக்கிறார்களா?

பதில்: சம்மதிக்கிறார்கள். மறுப்பதற்கு 'ஓஹி'. எல்லை தாண்டிப் பல்கேரியாவுக்குப் போனால் அதே 'நே' மறுப்பாகிவிடும். பயணம் செய்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ஐரிஷ் மொழியில் 'ஆம்' என்ற சொல்லே கிடையாதாமே?

பதில்: கிடையாது. கேள்வியில் வந்த வினையையே திருப்பிச் சொல்வார்கள். ஆங்கிலேயருக்கு இது விந்தை, 'சாப்பிட்டாயா?' என்றால் 'சாப்பிட்டேன்' என்னும் நமக்கு மிக இயல்பு. நம் 'ஆம்' என்பதும் 'ஆகும்' என்ற வினையின் சுருக்கம்தான்.