பைக் சைலன்சர் பட்டறையில் விமானத்துக்கு எக்ஸாஸ்ட் செய்யலாமா?

சொந்தமாகச் சின்ன விமானம் கட்டுகிறவர்கள் எக்ஸாஸ்ட், ஆக்சிலரேட்டர் ஒயர் எல்லாவற்றையும் பைக் பட்டறையிலேயே முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழாய் வேலையைச் செய்யலாம். ஆனால் பைக் பழக்கத்தைப் பட்டறை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

நான் அம்பத்தூரில் ஆர்கான் வெல்டிங் செய்கிறேன். இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களைக் கொண்டுவந்தார். வழக்கம்போல வெட்டுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடப் போனேன். "வேண்டாம் தம்பி" என்று கையைப் பிடித்துவிட்டார். குழாய் பழுக்கிற சூட்டில் பென்சில் கரி உலோகத்துக்குள் இறங்கிவிடும். பிறகு அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். ஜி.ஐ. கம்பியால் கட்டி டேக் அடிப்பதும் (அங்கங்கே புள்ளியாக ஒட்டி நிறுத்துவதும்) கூடாது, அதிலிருக்கும் துத்தநாகமும் உலோகத்தைக் கெடுக்கும். அன்றிலிருந்து எனக்குச் சாக்பீஸ்தான். குழாய்க்குள்ளும் ஆர்கான் வாயுவை விட்டுத்தான் ஒட்டினோம். இல்லாவிட்டால் உள்பக்கம் கருத்துப் பொரிந்துவிடும்.

பைக்கில் சைலன்சரைச் சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்குவோம். விமானத்தில் எஞ்சின் ரப்பர் புஷ்ஷில் ஆடிக்கொண்டிருக்கும். அதனால் எக்ஸாஸ்ட் எஞ்சினிலேயே தொங்க வேண்டும், இணைப்புகள் கொஞ்சம் அசைய வேண்டும். இறுக்கிக் கட்டினால் உடையும். விரிசல் வழியாக வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமலே மயக்கம் வரும். இணைப்புகளில் சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, சென்னைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. எக்ஸாஸ்ட்டைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருக்கும். அதில் சூடாகும் காற்றைத் தேவைப்படும்போது கார்புரேட்டருக்குத் திருப்ப ஒரு குமிழ் உண்டு. 'இந்த வெயிலில் இது எதற்கு' என்று எடுத்துவிடாதீர்கள். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டர் தொண்டையில் வெப்பம் 30 டிகிரிக்கு மேல்கூட இறங்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, வெளியே 25 டிகிரி இருந்தாலும் உள்ளே ஐஸ் கட்டும். எஞ்சினைக் குறைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம்.

சரி, ஆக்சிலரேட்டர் ஒயர். பைக்கில் ஒயர் அறுந்தால் ஸ்பிரிங் எஞ்சினை ஐடிலுக்குக் கொண்டுவந்துவிடும், அதுதான் நமக்குப் பாதுகாப்பு. சின்ன விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினின் கார்புரேட்டரில் ஸ்பிரிங் முழுவதும் திறக்கிற பக்கம் இழுக்கும். ஒயர் அறுந்தாலும் ஓடுதளத்துக்கு மேல் வரை பறந்து வந்து, இக்னிஷனை அணைத்து இறங்கலாம். இது தெரியாமல் பைக் ஸ்பிரிங்கை மாட்டுவது உயிரோடு விளையாடுவது. அந்த எஞ்சினில் கார்புரேட்டர் இரண்டு; இரண்டு ஒயரும் ஒரே அளவு இழுக்கவில்லை என்றால் எஞ்சின் உதறும். ஒயரை மட்டும் பட்டறையில் செய்யச் சொல்லாதீர்கள். எஞ்சின் புத்தகத்தில் சொல்லியிருப்பதையே வாங்கிப் போடுங்கள்.