பெட்டியைப் பிரித்ததும் பொம்மை சலித்துவிடுகிறதே?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. அட்டைப்பெட்டியைக் கப்பலாக்கி மணிக்கணக்கில் விளையாடியவன், பொம்மை பிரிக்கும் வீடியோக்களுக்குப் பழகியதிலிருந்து தினமும் புதுசு கேட்கிறான். வாங்கித் தந்தால் பிரித்துப் பார்த்துவிட்டு ஓரமாகப் போடுகிறான். கற்பனைத்திறன் போய்விட்டதா? மூளை வளர்ச்சிக்கான பொம்மை செட் வாங்கலாமா?

பதில்: கற்பனை எங்கும் போகவில்லை. பார்ப்பதைத்தான் அவன் விளையாடுகிறான். அந்த வீடியோக்களில் யாராவது பொம்மையை வைத்துக் கதை கட்டி விளையாடுகிறார்களா? பிரிப்பார்கள், கூவுவார்கள், அடுத்த பெட்டிக்குப் போவார்கள். பிரிப்பதுதான் விளையாட்டு என்று உங்கள் பையனும் நினைத்துவிட்டான், அவ்வளவுதான்.

'அது விளம்பரம்டா' என்று சொல்லிப் பயனில்லை. நம்மிடம் விற்கத்தான் இதைக் காட்டுகிறார்கள் என்பது ஏழெட்டு வயதுக்கு மேல்தான் பிடிபட ஆரம்பிக்கும். 1978-ல் கோல்ட்பெர்க், கோர்ன் என்ற இரு ஆய்வாளர்கள் சிறு குழந்தைகளிடம் கேட்டார்கள்: கையில் பொம்மை இல்லாத நல்ல பையனோடு விளையாடுகிறாயா, பொம்மை வைத்திருக்கிற, அவ்வளவு நல்லவனில்லாத பையனோடா? அந்தப் பொம்மையின் விளம்பரத்தைப் பார்க்காத குழந்தைகளைவிட, பார்த்த குழந்தைகளில் அதிகம் பேர் பொம்மைக்காரன் பக்கம் போனார்கள். இது தெரிந்து இத்தனை காலமாகியும் கனடாவின் கியூபெக் மாகாணம் (1980), ஸ்வீடன் (1991, டிவி விளம்பரத்துக்கு) மாதிரி சில இடங்கள்தான் குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தன. மற்ற இடங்களில் பெரும்பாலும் 'பெற்றோர் கவனிக்க வேண்டும்' என்பதோடு சரி. எதை எதை என்று கவனிப்பது?

செட் விஷயத்துக்கு வருகிறேன். வாங்காதீர்கள். இலவசமாகப் பரிசோதிக்கிறோம் என்று கூப்பிட்டு, பத்து நிமிடம் பிளாக் அடுக்கச் சொல்லிவிட்டு, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு 'கிரியேட்டிவிட்டி கொஞ்சம் கம்மி' என்று சொல்பவர் விற்பனையாளர், அவரிடம் எல்லாக் குழந்தைக்கும் கம்மிதான். அனுப்புகிற ஒவ்வொரு குழந்தைக்கும் கமிஷன் தருகிறேன் என்று என்னிடமே ஒருவர் வந்து பேசியிருக்கிறார். 2018-ல் வந்த ஓர் ஆய்வில், பதினாறு பொம்மைகள் கிடந்த அறையைவிட நான்கே இருந்த அறையில்தான் குட்டிக் குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். ஆகவே இருப்பதில் நாலைந்தை வெளியே விட்டு மிச்சத்தைக் கட்டி மேலே போடுங்கள். அந்த வீடியோக்களை முழுக்க நிறுத்துங்கள், அரை மணி நேரம் மட்டும் என்ற பேரமெல்லாம் வேண்டாம். முதலில் சில நாள் 'போர் அடிக்குது' என்று உயிரை எடுப்பான். எடுக்கட்டும்.

ஆனால் ஒன்று. விளம்பரத்தில் வந்த பொம்மை என்பதற்காகவே எதையும் பிடுங்கிவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு குழந்தையிடம் கார்ட்டூன் வீரன் ஒருவன் இருந்தான், டிவியில் எதிரிகளை அடித்து நொறுக்குகிறவன். அவனுக்குக் காய்ச்சல் என்று கைக்குட்டையால் போர்த்தி, பாட்டில் மூடியில் கஞ்சி ஊற்றி, 'ஊசி போட மாட்டாங்க, அழாதே' என்று தேற்றிக்கொண்டிருந்தாள். கம்பெனி எழுதிக்கொடுத்த கதையை அவள் தூக்கி எறிந்துவிட்டாள், அந்தப் பொம்மையால் கெடுதல் இல்லை. விளம்பரத்தில் பார்த்த சண்டையையே திரும்பத் திரும்ப நடத்துகிற குழந்தையும் சில வாரம் கழித்து இப்படி மாறலாம், அவசரப்படாதீர்கள். பொம்மை எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதற்கு அவன் என்ன பேச்சுக் கொடுக்கிறான் என்று பக்கத்து அறையிலிருந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். உள்ளே போய்ச் சொல்லிக்கொடுக்க மட்டும் வேண்டாம்.