ஸ்டூடியோவில் பழைய லேப்டாப்: கேட்டதும் சொன்னதும்

குழித்துறையில ஒரு மாடி அறையில ரெக்கார்டிங் ஸ்டூடியோ வெச்சிருக்கேன். வர்றவங்கள்ல பாதி சர்ச் கொயர், மீதி வில்லுப்பாட்டுக் குழு. நடுநடுவுல பாறசாலைப் பக்கத்துல இருந்து மலையாள பக்திப் பாட்டுக்காரங்க வருவாங்க. யார் வந்தாலும் போகும்போது படியில நின்னுக்கிட்டு ஒரு கேள்வி கேப்பாங்க: "வீட்டுல ஒரு பழைய லேப்டாப் சும்மா கெடக்கு, பாட்டு வேலைக்கு ஆகுமா?" எல்லாத்தையும் எழுதி அனுப்புங்கன்னு சொன்னேன். வந்ததுக்கு இங்க பதில்.

மார்த்தாண்டம், கீபோர்டு வாசிக்கிறவர்: அண்ணே, 2013ல வாங்கின லேப்டாப். ஐ5, 4 ஜிபி ரேம். ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம். ரெக்கார்டிங்குக்கு ஆகுமா, இல்ல இரும்புக் கடையில போட்டுரவா?

போடாதீங்க தம்பி. அஞ்சு நிமிஷம் ஆகுதுன்னா பெரும்பாலும் குத்தம் உள்ள சுத்துற ஹார்ட் டிஸ்க் மேலதான். அதைக் கழட்டிட்டு அதே இடத்துல 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி (உள்ள எதுவும் சுத்தாத, வேகமான டிஸ்க்) ஒண்ணை மாட்டுங்க. ரேமை 8 ஜிபி ஆக்குங்க. வாங்குறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற ரேம் 1.5 வோல்ட் வகையா, 1.35 வோல்ட் வகையான்னு அதுமேல ஒட்டின தாளைப் பார்த்துக்குங்க. என் பழைய லேப்டாப்போட அடி மூடியைத் திறந்தப்போ ஃபேனுக்கும் காத்து வெளிய போற தகட்டுக்கும் நடுவுல கம்பளித் துணி மாதிரி தூசி படிஞ்சிருந்துச்சு. நகத்தால உரிச்சா ஒரே துண்டா வந்துது. அதை எடுத்துட்டு, பிராசஸர் மேல சூட்டைக் கடத்துற புது பேஸ்ட் தடவினதும் பாதி நோய் தீர்ந்துது.

இவ்வளவும் பண்ணினா எட்டு மைக் ரெக்கார்டிங் தாராளமா நடக்கும். ஆனா அதுலயே நாப்பது ட்ராக் மிக்ஸிங், அதுலயே ஆர்கெஸ்ட்ரா சாம்பிள், அதுலயே வீட்டுப் பிள்ளைங்களுக்கு யூட்யூப்னு ஆரம்பிச்சா திரும்பவும் அழும். கெழவன்கிட்ட ஒரு வேலையைக் கொடுங்க, ஒழுங்கா செய்வான்.

அருமனை, வில்லுப்பாட்டுக் குழு: கொடை விழாவுல ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினா விடியுற வரை பாடுவோம். போன தடவை லேப்டாப்புல ரெக்கார்ட் போட்டோம். மூணே முக்காலுக்குப் பிறகு ஒண்ணுமே பதியலை. லேப்டாப் பழசுங்கறதாலயா?

இல்ல அண்ணாச்சி. சாதாரண வேவ் (சுருக்காத ஒலி) ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, அந்த எல்லையில நின்னுதான்னு முதல்ல கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து மணிக்குத் தொடங்கி மூணே முக்கால்னா அஞ்சே முக்கால் மணி நேரம். நீங்க 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவுல போட்டிருந்தா அந்த எல்லை வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். 24 பிட்னா நாலரை மணி நேரத்துலயே நின்னிருக்கும். ரெண்டும் பொருந்தலை. அதனால உங்க விஷயத்துல டிஸ்க் நெறஞ்சதா, லேப்டாப் தூங்கிப் போச்சான்னு முதல்ல பாருங்க. மூடி சாஞ்சா தூங்குற செட்டிங்கை அணைச்சு வையுங்க. ஆனா இதைக் கேட்டதால பொதுவா எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிடுறேன்: அந்த 4 ஜிபி எல்லையை மறந்துடாதீங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோன்னா ஏறக்குறைய நாலு மணி நேரம் எட்டு நிமிஷத்துல அந்த எல்லை வந்துடும். மணிக்கு ஒரு தடவை புது ஃபைல் தொடங்குங்க. கதையில எங்கயாவது குரவைச் சத்தம் வர்ற இடம் பார்த்து நிறுத்திப் போட்டா போதும்.

தனித்தனி ட்ராக்கா வேணும்னா யுஎஸ்பி உள்ள டிஜிட்டல் மிக்ஸர் ஒண்ணு வாடகைக்கு எடுங்க. பெரிங்கர் எக்ஸ்ஆர்18 மாதிரி ஒண்ணுல 18 சேனல் ஒரே வயர்ல லேப்டாப்புக்கு வரும். புலவருக்கு ஒண்ணு, பக்கப்பாட்டுக்கு ரெண்டு, வில்லுக்கு ஒண்ணு, குடம், உடுக்கை, தாளம், கட்டைன்னு எட்டு மைக் வெச்சு ஆறு மணி நேரம் போட்டாலும் மொத்தம் 25 ஜிபிக்குள்ளதான். குடத்து வாய்க்கு நேரா மைக்கை நீட்டாதீங்க. பத்தியால (குடத்து வாயில தட்டுற மட்டை) அடிக்கும்போது வர்ற காத்து மைக்கை ஊதிடும். கொஞ்சம் சாய்ச்சு வையுங்க.

இன்னொண்ணு. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்குற அந்தப் பத்து செகண்டுல லேப்டாப் தப்பிச்சுக்கும், அதுக்கு பேட்டரி இருக்கு. மிக்ஸர் செத்துரும், ரெக்கார்டிங்கும் அதோட நிக்கும். அதனால யுபிஎஸ் வைக்க வேண்டியது மிக்ஸருக்கு.

பனச்சமூடு: விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சே. 11 போட்டா ஏற மாட்டேங்குது.

வெப்ராளப்படாதீங்க. சப்போர்ட் முடிஞ்சது 2025 அக்டோபர் 14ல. 11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்கணும். அதுக்காகப் பழசு நின்னு போகாது. ரெக்கார்டிங்குக்கு மட்டும்னா நெட்டைக் கழட்டிட்டு 10லயே ஓட்டுங்க. பேங்க் வேலை, மெயில் எதுவும் அதுல வேண்டாம்.

நெட் வேணும்னா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ். அதுல உபுண்டு ஸ்டூடியோங்கற வகை பாட்டு வேலைக்குன்னே செஞ்சது. பென்டிரைவ்ல போட்டு, டிஸ்க்கைத் தொடாம ஓட்டிப் பாக்கலாம். உங்க இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போட இணைக்கிற பெட்டி) அதுல பேசுதான்னு பார்த்த பிறகு முடிவெடுங்க. ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கு. விண்டோஸ்ல காசு கொடுத்து வாங்கின ப்ளக்இன் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள சேர்க்கிற துணைக் கருவி) நிறைய இருக்கிறவங்க மட்டும் இந்தப் பக்கம் வராதீங்க.

கருங்கல், கொயர் மாஸ்டர்: ஆராதனையில பாட்டு வரிகளைத் திரையில காட்டணும். பழைய லேப்டாப் போதுமா?

இதைவிட நல்ல வேலை அதுக்குக் கிடைக்காது சாரே. பாட்டு வரி காட்டுறதுக்கான ஓப்பன்எல்பி சாஃப்ட்வேர் இலவசம், லேசானது. பிரச்சினை லேப்டாப்புல வராது, எழுத்துருவுல வரும். உங்க பாட்டெல்லாம் பாமினிங்கற பழைய தமிழ் எழுத்துருவுல அடிச்சதுன்னா, அந்த எழுத்துரு இல்லாத இடத்துல ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா சிதறும். முழுசையும் யூனிகோடுக்கு மாத்துங்க. மாத்தின பிறகு யாராவது ஒருத்தர் உக்காந்து ஒவ்வொரு பாட்டா வாசிக்கணும். ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகிப் போனா, அதைக் கண்டுபிடிக்கிறது சபைதான், அதுவும் பாடும்போது.

கொல்லங்கோடு, கல்லூரி மாணவி: அண்ணா, ஹெட்ஃபோன்ல என் குரல் கொஞ்சம் பிந்தி வருது. பாடவே முடியலை.

பஃபர், அதாவது சாஃப்ட்வேர் ஒரு தடவைக்குச் சேத்து வெச்சு அனுப்புற சத்தத்தோட அளவு, பெருசா இருக்கு மக்ளே. 1024ன்னு இருந்தா 48 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு பக்கத்துக்கு மட்டும் 21 மில்லிசெகண்ட், போக வர ரெட்டிப்பு. 128ன்னு வெச்சா மூணு மில்லிசெகண்டுக்கும் கீழ. பழைய லேப்டாப் 128ல கடகடன்னு சத்தம் போடும். அப்போ வைஃபையை அணைச்சுப் பாரு, சமயத்துல அது ஒண்ணே தீர்த்துடும். அதுக்கும் அடங்கலைன்னா உன் இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர்னு ஒரு பொத்தானோ திருகோ இருக்கும். அதைத் திறந்து, சாஃப்ட்வேர்ல வர்ற உன் குரலை மூடிட்டா லேப்டாப்புக்குள்ள போகாமலே காதுக்கு வந்துடும். பஃபர் பெருசாவே இருக்கட்டும்.

தக்கலை: சார்ஜரை மாட்டினா ஸ்பீக்கர்ல "ஙீ"ன்னு இரைச்சல். கழட்டினா இல்லை.

லேப்டாப், மிக்ஸர், ஸ்பீக்கர் மூணையும் ஒரே பிளக் போர்டுல மாட்டிப் பாருங்க. போகலைன்னா லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவுல டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (இரைச்சல் கடக்காம நடுவுல பிரிக்கிற சின்னப் பெட்டி) வையுங்க. நிகழ்ச்சி ஒரு மணி நேரம்தான்னா பேட்டரியிலயே ஓட்டிடலாம். எர்த் பின்னை மட்டும் வெட்டாதீங்க. சின்ன வயசுல நான் வெட்டியிருக்கேன். இரைச்சல் போச்சு, பாட வந்தவருக்கு உதட்டுல மைக் பட்டதும் சுர்ருன்னு பிடிச்சுது. அந்த மனுஷன் முகம் இப்பவும் கண்ணுல நிக்குது.

குலசேகரம்: அப்பா பாடின வில்லுப்பாட்டு கேசட் அறுபது இருக்கு. எல்லாம் 90 நிமிஷக் கேசட். பழைய லேப்டாப்புல ஏத்தலாமா?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவையும் எழுதலாம். ஏத்துங்க, இந்த மழை காலம் முடியறதுக்குள்ள.

லேப்டாப்புல இருக்கிற மைக் ஓட்டையில டேப் ரெக்கார்டரைச் சொருகாதீங்க. பெரும்பாலும் அது மோனோ, மைக்குக்கான சின்ன வோல்டேஜும் அதுல வரும், சத்தம் நசுங்கிடும். ரெண்டு லைன் இன்புட் உள்ள சாதாரண யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் போதும். சாஃப்ட்வேர் ஆடாசிட்டி, இலவசம். கேசட்டை முதல்ல வெள்ளையா பூத்திருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு பூஞ்சை பிடிக்கும். பூத்ததைத் தனியா வையுங்க, நல்ல டெக்குல போடாதீங்க, அடுத்த கேசட்டுக்கும் தொத்தும். நல்லதை ஒரு தடவை முழுசா முன்னாடி ஓட்டி, திரும்பச் சுத்தி, ஹெட்டை (டேப்பை உரசிப் படிக்கிற பாகம்) ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சிட்டுத் தொடங்குங்க.

சத்தம் மூடிக்கிட்டு வந்தா உடனே ஈக்வலைசரைத் தொடாதீங்க. ஹெட்டுக்குப் பக்கத்துல சின்னத் திருகு ஒண்ணு இருக்கும். கேசட் ஓடும்போதே பைய, முடியளவு திருப்பிப் பாருங்க. தாளச் சத்தம் சட்டுன்னு கண் திறந்த மாதிரி கேக்குற ஒரு இடம் வரும், அதுல நிறுத்துங்க. வேற டெக்குல பதிஞ்ச கேசட்டுக்கு அந்த இடம் மாறும். டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கிற முறை) போட்டுப் பதியலைன்னா டால்பி பட்டன் அணைஞ்சே இருக்கட்டும்.

அறுபது கேசட்னா 90 மணி நேரம், அதைச் சுருக்க வழியே இல்ல. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்ல மொத்தம் 95 ஜிபிக்குள்ள வரும். லேப்டாப் சமையலறை மேசையில ஓடட்டும், நீங்க உங்க வேலையைப் பாருங்க. இரைச்சல் நீக்குறது, அழகு படுத்துறது எல்லாம் நகல்ல. முதல் பதிவை அப்படியே ரெண்டு டிஸ்க்குல வையுங்க, ஒண்ணு வேற வீட்டுல. கேசட் அட்டையில அப்பா கையால எழுதினதையும் ஃபோட்டோ எடுத்து அந்த ஃபோல்டர்லயே போடுங்க.

களியக்காவிளை: டச்பேட் மேல தூக்கிக்கிட்டு நிக்குது, ஆனா வேலை செய்யுது.

பேட்டரி வீங்கியிருக்கு. இப்பவே அணைங்க. குத்தாதீங்க, அமுக்காதீங்க. கடையில கொடுத்து எடுத்துட்டு, சார்ஜர்லயே ஓடுதான்னு கேளுங்க.

புதுக்கடை: மாமா கல்ஃப்ல இருந்து கொண்டு வந்த ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ் ஒண்ணு இருக்கு. புது லேப்டாப்புல சொருகவே இடமில்ல.

இப்பதான் பழசுக்கு மவுசு. ஃபயர்வயர்ங்கறது யுஎஸ்பி மாதிரி ஒரு பழைய இணைப்பு. அந்த ஓட்டை உள்ள பழைய லேப்டாப்பைத் தேடுங்க, லினக்ஸ்ல எஃப்எஃப்ஏடிஓங்கற டிரைவர்ல நிறைய மாடல் ஓடும். ஒண்ணு கவனிங்க: லேப்டாப்புல இருக்கிறது பெரும்பாலும் சின்ன 4 பின். அதுல கரண்ட் வராது. இன்டர்ஃபேஸோட அடாப்டரும் கையில இருக்கணும்.

வெள்ளறடை: ஃபேன் சத்தம் மைக்குல விழுது.

லேப்டாப்பை அடுத்த அறையில வையுங்க. யுஎஸ்பி வயர் 5 மீட்டர் வரைக்கும் நிம்மதி. தகரக் கூரை மேல பெய்யுற மழைக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்ல, நானும் டீ போட்டுக் காத்திருக்கிறவன்தான்.

திருவட்டார்: இவ்வளவு சொல்றீங்களே, என் பழைய லேப்டாப்பை நீங்களே எடுத்துக்குவீங்களா?

வேண்டாம் சாரே, இங்க ஏற்கனவே நாலு கெடக்கு. சார்ஜர் மட்டும் உபரியா இருந்தா கொண்டு வாங்க.