கத்தரிக்கோலும் பேரிங் கடலும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ஸ்டாலின் காலத்து சோவியத் யூனியனைப் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். ஊர்வலம், கொடி, கைதட்டிக்கொண்டே இருக்கும் கூட்டம். பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. படித்த ஜனங்கள்தானே, ஆட்டு மந்தை மாதிரி இவ்வளவு பொய்யையும் எப்படி நம்பினார்கள்? பிரச்சாரத்தில் கெட்டிக்காரர் ஹிட்லரா, ஸ்டாலினா? பிரச்சாரத்தை அடையாளம் கண்டுகொள்ள நாலைந்து வழிகள் சொல்ல முடியுமா? எனக்கு 23 வயது. வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்தபோது ஒரு பழைய படச் சட்டத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘ஆட்டு மந்தை’. இனி அந்தச் சொல்லை எழுதாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் கதவைத் தட்டப்போவதில்லை என்று தெரிந்த வீட்டில் படுத்துத் தூங்குகிறவர் நீங்கள். 1937இல் லெனின்கிராடில் பெண்டு பிள்ளைகளோடு குடியிருந்த ஒருவரைப் பார்த்து ஆடு என்று சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது. ஹிட்லரா ஸ்டாலினா என்பதையும் விடுங்கள். யார் கெட்டிக்காரர் என்று மார்க் போட இது பரீட்சை இல்லை.

எப்படி நம்பினார்கள் என்று கேட்கிறீர்கள். நம்பினார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

லாவ்ரெண்டி பெரியா என்று ஒருவர். ஸ்டாலினின் ரகசிய போலீஸை ஆண்டவர். ஸ்டாலின் செத்த மூன்றாவது மாதம், 1953 ஜூனில், அவரையே பிடித்தார்கள். டிசம்பரில் சுட்டார்கள். அதற்குள் சோவியத் கலைக்களஞ்சியத்தின் ஐந்தாம் தொகுதி வீடுகளுக்கும் நூலகங்களுக்கும் போய்விட்டது. அதில் பெரியாவைப் புகழ்ந்து நீண்ட கட்டுரை, முழுப்பக்கப் படம். என்ன செய்தார்கள் தெரியுமா? சந்தாதாரர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். இன்ன பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டி எடுத்துவிடவும், தையல் ஓரம் கொஞ்சம் விட்டு வெட்டவும், கூடவே வரும் புதுத் தாள்களை அந்த ஓரத்தில் ஒட்டிக்கொள்ளவும். புதுத் தாள்களில் இருந்தவற்றில் ஒன்று பேரிங் கடல். அகர வரிசையில் பெரியாவுக்குப் பக்கத்தில் வருவது. பெரியா இருந்த இடத்தில் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதைப் படித்து எத்தனையோ வருஷமாகிறது, இன்னும் எனக்கு ஆறவில்லை. கொஞ்சம் அந்த மேஜைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒரு பள்ளி ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். மூக்குக்கண்ணாடி போட்ட பெரியாவின் படத்தைத் திறந்துவைத்து, பிசிறில்லாமல் வெட்டுகிறார். பசை தடவுகிறார். காயும்வரை மேலே கனமாக எதையாவது வைக்கிறார். இவர் பெரியாவை மறந்துவிடுவாரா? வெட்டாமல் விட்டிருந்தாலாவது காலப்போக்கில் மறந்திருப்பார். சொந்தக் கையால் வெட்டியதை எப்படி மறப்பது? அரசுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர் நம்ப வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் வெட்ட வேண்டும். அவ்வளவுதான். வெட்டிய நிமிஷத்திலிருந்து அந்தப் பொய்யில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரும் வெட்டியிருப்பார் என்று இவருக்குத் தெரியும், இவர் வெட்டியதை அவரும் அறிவார். இரண்டு பேரும் படிக்கட்டில் பார்த்துக்கொண்டால் குளிரைப் பற்றிப் பேசுவார்கள். வெட்டாமல் வைத்திருப்பவர் வீட்டிலோ அந்தத் தாள்கள், அலமாரிக்குள் இருக்கும் வெடிமருந்து.

இதே வேலையை யாரும் கடிதம் போட்டுச் சொல்லாமலே செய்தவர்களும் உண்டு. அலெக்சாண்டர் ரோட்சென்கோ அந்த ஆட்சிக்குப் போஸ்டரும் புகைப்படமும் செய்து தந்த பெரிய கலைஞர். சோவியத் யூனியனுக்குள் இருந்த உஸ்பெகிஸ்தானின் பத்தாண்டுச் சாதனை என்று 1934இல் ஓர் ஆல்பம் வடிவமைத்தார். பிறகு அதில் படம் இருந்த உஸ்பெக் தலைவர்களையே ‘மக்கள் விரோதிகள்’ என்று பிடித்துச் சுட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் படம் வீட்டில் இருப்பதே ஆபத்து. ரோட்சென்கோ தன் சொந்தப் பிரதியை எடுத்து, தான் பார்த்துப் பார்த்து அமைத்த பக்கங்களில், அந்த முகங்களின்மேல் கறுப்பு மையைப் பூசினார். அந்தப் பிரதி பிழைத்திருக்கிறது. கழுத்து, சட்டை எல்லாம் அப்படியே இருக்கும். முகம் இருந்த இடத்தில் மை.

சரி, மனதார நம்பியவர்கள் உள்ளே இல்லையா என்றால், உண்டு. அதிலும் உங்கள் வயதுக்காரர்கள் நிறைய. ஆனால் கேள்வி கேட்காத முழு நம்பிக்கை தூரத்தில் இருந்தவர்களிடம்தான் இருந்தது என்பேன். கோயம்புத்தூரில், எங்கள் வீட்டில், அது இருந்தது.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ‘சோவியத் நாடு’ பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்தார். வழவழவென்று அந்தத் தாளைப்போல ஒரு தாளை நான் அதற்குமுன் தொட்டதில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் என் நோட்டுகளுக்கெல்லாம் அதில்தான் அட்டை. கணக்கு நோட்டின்மேல், தலையில் துணி கட்டிய ஒரு பெண் கோதுமைக் கதிர்களை அணைத்துக்கொண்டு சிரிப்பாள். அப்பாவே மடித்து, மூலையை நகத்தால் தேய்த்துத் தருவார். “பாத்தியா, அங்கெல்லாம் பசின்னு ஒண்ணு இல்லை” என்பார்.

அதே சோவியத் மண்ணில் 1932 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடினால் மரணதண்டனை, கருணை காட்டினால் பத்து வருஷம். அறுத்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கியவர்கள் மேலும் அது பாய்ந்ததால் ஜனங்கள் அதைக் கதிர்ச் சட்டம் என்றே சொன்னார்கள். தானியத்தைப் பறித்தார்கள், ஏற்றுமதியை நிறுத்தவில்லை. கிராமத்தை விட்டு ஓடவும் முடியாதபடி 1933 ஜனவரியில் உக்ரைன் விவசாயிகளைத் தடுத்தார்கள். உக்ரைனில் மட்டும் 35 லட்சம் பேருக்குமேல் பட்டினியில் செத்தார்கள். அங்கிருந்த பத்திரிகையில் பஞ்சம் என்ற சொல்லே கிடையாது. மாஸ்கோவில் இருந்த நியூயார்க் டைம்ஸ் நிருபர் வால்டர் டுராண்டிகூட ரஷ்யர்களுக்குப் பசி உண்டு, பட்டினி இல்லை என்று எழுதினார். 1937இல் மக்கள்தொகையை எண்ணினார்கள். 16 கோடியே 20 லட்சம் வந்தது. ஸ்டாலின் மூன்று வருஷம் முன்பே 16 கோடியே 80 லட்சம் என்று மேடையில் சொல்லியிருந்தார். கணக்கெடுப்பை ரத்துசெய்தார்கள், அதை நடத்திய இவான் கிரவாலைச் சுட்டார்கள்.

உக்ரைனில் கார்கிவ் நகரத்துத் தெருவில் பிணத்தைத் தாண்டிப் போனவருக்கு எதையும் நம்ப வேண்டியிருக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நம்ப வேண்டிய வேலையை எங்கள் அப்பா செய்தார்.

92ஆம் வருஷம் என்று நினைவு, இதையெல்லாம் படித்துவிட்டு அவரிடம் கத்தினேன். கிட்டத்தட்ட நீங்கள் எழுதியிருப்பதைப் போலத்தான் பேசினேன். “எல்லாம் அமெரிக்காக்காரன் கட்டுன கதை” என்றார். மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை. சம்பளத்தில் ஒரு பங்கை வேலைநிறுத்தக் காலத்தில் அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த மனிதர் அவர். அவரை நான் ஏமாளி என்று சொன்னேன். உங்கள் ‘ஆட்டு மந்தை’ என்னை ஏன் அப்படிச் சுட்டது என்று இப்போது புரிகிறதா தம்பி?

மேஜைமேல் பிரித்துவைத்திருந்த அந்தப் படச் சட்டத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து லெனின் படம் ஒன்று உண்டு. போன மாதம் வெள்ளையடிக்கும்போது கண்ணாடி கீறிவிட்டது. மாற்றலாம் என்று பின்னட்டையைப் பிரித்தேன். லெனினுக்குப் பின்னால் இன்னொரு படம், அதே அளவுக்கு ஓரம் வெட்டி வைத்திருந்தது. ஸ்டாலின். மீசையின் கறுப்புகூட மங்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது 88 வயது. கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். “ரஷ்யாக்காரனே இவரைத் திட்டிப்போட்டான்னு அந்த வருசம் சேதி வந்துச்சு. நீ அப்பப் பொறக்கலே. உங்கப்பா ரெண்டு நாள் சோறே திங்கலே. மூணாம் நாள் ராத்திரி ஆணியெல்லாம் கழட்டிப் போட்டுட்டு விளக்குக்கிட்ட உக்காந்திருந்தாரு” என்றாள்.

1956. ஸ்டாலினுக்குப் பின் தலைவராக வந்த குருஷ்சேவே ஸ்டாலினைக் கண்டித்துப் பேசிய வருஷம். யாரும் அப்பாவுக்குக் கடிதம் போடவில்லை. கோயம்புத்தூரில் எந்தப் போலீஸும் வந்து சுவரைப் பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் மாற்றினார். கிழித்துப் போடவும் இல்லை. அப்படியானால் 92இல் என்னிடம் மறுத்தபோது அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது? கேட்க இப்போது அவர் இல்லை.

அடையாளம் காணும் வழிகள் கேட்டிருந்தீர்கள். என்னிடம் பட்டியல் எதுவும் இல்லை. வேலை கிடைத்ததும் எழுதுங்கள்.

நேற்றுப் புதுக் கண்ணாடி வாங்கிவந்து இரண்டு படங்களையும் இருந்தபடியே வைத்தேன். முன்னால் லெனின், பின்னால் அவர். அப்பா கழற்றி மறுபடி அடித்த அதே ஆணிகள், துருப்பிடித்திருந்தன. அவற்றையே அடித்து மாட்டிவிட்டேன்.