காப்பி-சி கேட்டால் சீனி குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 71. சர்க்கரை நோய்க்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் பலதுறை மருந்தகத்தில் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 8.1 என்று வந்துவிட்டது. சோற்றைக் குறைத்தாயிற்று. காலையில் புளோக்குக்குக் கீழே நண்பர்களோடு ஒரு காப்பி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. டின் பால் (இனிப்பு சேர்த்த கெட்டிப் பால்) வேண்டாம் என்று காப்பி-சிக்கு மாறிவிட்டேன். காப்பி நீரிழிவைத் தடுக்கும் என்கிறார் நண்பர். மகளோ காப்பியையே விடச் சொல்கிறாள். யார் சொல்வது சரி?
- ஈசூன் வாசகர்

பதில்: ஐயா, காப்பியை விட வேண்டாம். கடைக்காரரிடம் கேட்கும் விதத்தை மாற்றுங்கள்.

நான் தாதியாக வேலை பார்த்த காலத்தில் “நான் சி தான் குடிக்கிறேன், சீனி இல்லை” என்று எத்தனையோ பெரியவர்கள் நம்பிக்கையோடு சொல்லியிருக்கிறார்கள். காப்பி-சியில் ஊற்றுவது இனிப்பில்லாத பால்தான், உண்மை. ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால் சீனியைத் தனியாகப் போட்டுவிடுவார்கள். பால் சேர்க்காத காப்பி-ஓவும் அப்படித்தான். ‘சியூ டாய்’ என்றால் சீனி குறையும், அவ்வளவே. ‘கோசோங்’ என்று சொன்னால்தான் சீனி போடமாட்டார்கள்.

டின் பாலை விட்டது நல்ல காரியம். அதில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்; இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் சுமார் 20 கிராம் உள்ளே போய்விடும். இனி காப்பி-சி சியூ டாய் கேளுங்கள். நாக்கு பழகியதும் காப்பி-சி கோசோங். ஒரே நாளில் மாறி, கசக்கிறது என்று பழையபடி திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், கூடவே காயா ரொட்டியோ, சீனி தூவிய இடியாப்பமோ சாப்பிட்டால் காப்பியில் குறைத்தது தட்டில் ஏறிவிடும்.

நண்பர் சொல்வதிலும் விஷயம் உண்டு. சிங்கப்பூர்ச் சீனர்களிடையே நடந்த பெரிய ஆய்வில், நாளுக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு நீரிழிவு வருவது குறைவாக இருந்தது. ஆனால் அது நோய் இல்லாதவர்களைப் பல வருடம் கவனித்துச் சொன்னது. காப்பியால்தான் குறைந்தது என்றும் அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஏற்கெனவே சர்க்கரை இருப்பவர்களில் சிலருக்குக் காப்பியின் கஃபீன், சாப்பிட்ட பின் அளவைக் கொஞ்சம் ஏற்றவும் செய்யும். உங்களுக்கு எப்படி என்று வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியே சொல்லும். சில நாள் காலையில் கோசோங் காப்பியோடும், சில நாள் காப்பி இல்லாமலும் அதே உணவைச் சாப்பிட்டு, சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் குத்திப் பாருங்கள். எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவுக் காப்பி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். தூக்கம் கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்பது கடினம். அதை மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. சில மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடும். அதனால் சீனியை ஒரேயடியாக நிறுத்தும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கை நடுங்கி, வியர்த்து, சர்க்கரை அளவு 4.0க்குக் (mmol/L) கீழே போனால் அப்போது கோசோங் பார்க்கக் கூடாது. உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள்.

மகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். காலையில் நண்பர்களோடு உட்காரும் அந்த நேரத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொன்னால் மட்டும், எடுத்து முடிக்கும்வரை கோசோங் காப்பிகூட வேண்டாம். பச்சைத் தண்ணீர் போதும்.