கொம்பு வெட்டிய காண்டாமிருகத்தைப் பார்க்க தென்னாப்பிரிக்கா வரை போக வேண்டுமா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியவில்லை. வேலை நிமித்தமாகக் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறேன். நீங்கள் ஏதோ ஒரு டூர் பேக்கேஜ் விசாரித்திருப்பீர்கள், யாராவது "அங்கே இப்போ எதுக்குமே கொம்பு கிடையாது, காசு தண்டம்" என்று சொல்லியிருப்பார்கள். என் சொந்தக்காரர்களே என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கொம்புக்காக வேட்டைக்காரர்கள் கொல்லாமல் இருக்க, இங்கே முன்கூட்டியே கொம்பை வெட்டிவிடுகிறார்கள், அதைத்தான் சொல்கிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வனத்துறை ஆளும் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை, எந்த டிராவல்ஸிலும் கமிஷன் வாங்கவில்லை. "மட்டன் சாப்பிடுகிறவனுக்கு என்ன மிருகப் பாசம்" என்று கேட்க வருகிறவர்களுக்கு: ஆமாம், சாப்பிடுகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

போங்கள். தாராளமாகப் போங்கள். அதிலும் டர்பனுக்கு வடக்கே இருக்கும் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி வனவிலங்குப் பூங்காவுக்குப் போங்கள். இங்குள்ள பெரிய க்ரூகர் தேசியப் பூங்கா அளவுக்கு நம் ஊரில் யாருக்கும் இந்தப் பெயர் தெரியாது. ஆனால் 1895-லேயே காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட இடம் இது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் மொத்தமே நூற்றுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தது. அவையும் இந்த இம்ஃபோலோசி ஆற்றங்கரைக் காட்டில்தான் இருந்தன. 1960-களில் இங்கே வனக் காப்பாளராக இருந்த இயன் பிளேயரும் அவருடைய ஆட்களும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, க்ரூகருக்கும் மற்ற நாடுகளுக்கும் அனுப்பினார்கள். இன்று உலகில் எங்கே தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்தாலும் அதன் பூர்வீகம் இந்தக் காடுதான்.

என் அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தபோது அழைத்துப் போனேன். டர்பனிலிருந்து என்-2 நெடுஞ்சாலையில் மூன்று, மூன்றரை மணி நேரம். வழி நெடுக கரும்புத் தோட்டம். 1860-ல் மெட்ராஸிலிருந்து கப்பலில் நம் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது இந்தக் கரும்புக்காகத்தான் என்று சொன்னதிலிருந்து அப்பா பேச்சே இல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பூங்காவின் நியலாசி வாசலில் பணம் கட்டி, சொந்தக் காரிலேயே உள்ளே போகலாம். குறிப்பிட்ட இடங்கள் தவிர காரை விட்டு இறங்கக் கூடாது, வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு.

ஒரு சேற்றுக் குட்டைப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். சேற்றிலிருந்து ஒரு தாய் எழுந்து வந்தது. வயிறு முழுக்க கருப்பாக ஈரம் வடிகிறது, முதுகில் பழைய சேறு காய்ந்து வெடித்திருக்கிறது. அதற்கு முன்னால் கன்று. வெள்ளைக் காண்டாமிருகத்தில் கன்று முன்னால் நடக்கும், தாய் பின்னால் வரும். கருப்பு இனத்தில் இது நேர்மாறு. தாயின் மூக்கில் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில், வெட்டிய பனையின் அடிக்கட்டை மாதிரி தட்டையாக ஒன்று, அதற்குப் பின்னால் சின்னதாக இன்னொன்று. நடுவில் கருத்து, ஓரம் வெளிறி, விளிம்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கியிருந்தார்கள். கன்று அந்தக் கட்டையில் தலையை உரசிக்கொண்டு நின்றது.

அம்மா கேட்ட ஒரே கேள்வி, "வெட்டும்போது வலிச்சிருக்குமாடா?"

வலிக்காது. கொம்புக்குள் எலும்பு கிடையாது. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான். ஊசி போட்டு மயங்க வைத்து, கண்ணைக் கட்டி, காதை அடைத்து, வளரும் பகுதியை விட்டுவிட்டு மேலே மட்டும் ரம்பத்தால் அறுக்கிறார்கள். மறுபடி வளரும் என்பதால் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் வெட்ட வேண்டும். செலவும் அதிகம், ஒவ்வொரு மயக்க ஊசியிலும் மிருகத்துக்கு ஆபத்தும் உண்டு. ஆசைக்காக யாரும் இதைச் செய்யவில்லை.

2023-ல் தென்னாப்பிரிக்காவில் 499 காண்டாமிருகங்கள் வேட்டையாடப்பட்டன. அதில் 307 இந்த ஒரே பூங்காவில். அதற்குப் பிறகுதான் 2024-ல் இங்கே கொம்பு வெட்ட ஆரம்பித்தார்கள். க்ரூகரைச் சுற்றியுள்ள காப்பகங்களில் 2017 முதல் 2023 வரை நடத்திய ஆய்வு 2025-ல் வெளிவந்தது. கொம்பு வெட்டிய பிறகு வேட்டை 78 சதவீதம் குறைந்ததாக அதில் இருக்கிறது. கட்டைக்காகக் கூடக் கொல்கிறார்கள் என்பதும் உண்மைதான். கொம்பு வெட்டிய கருப்புக் காண்டாமிருகங்கள் நடமாடும் எல்லை சுருங்கிவிடுகிறது என்றும் வேறொரு ஆய்வு சொல்கிறது. இதுதான் ஒரே தீர்வு என்று நான் வாதாட வரவில்லை. அந்தத் தாய் உயிரோடு நின்றதே, அதைத்தான் சொல்கிறேன்.

அன்று ராத்திரி குடும்ப வாட்ஸப் குழுவில் படம் போட்டேன். சித்தப்பா உடனே, "என்னடா, கொம்பே இல்ல? காசைக் கொடுத்து ஏமாந்துட்டீங்களா?" என்றார். இன்னொருவர், "அந்தக் கொம்புப் பொடி மருந்தாமே, அங்கே கிடைக்குமா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்தப் பொடிக்கு வியட்நாமிலும் சீனாவிலும் பணம் கொடுக்க ஆள் இருப்பதால்தான் இங்கே துப்பாக்கியோடு வருகிறார்கள். க்ரூகரை ஒட்டிய திம்பவாட்டி காப்பகத்தின் தலைமை வனக்காவலர் ஆண்டன் முசிம்பாவை 2022-ல் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். நகத்தைக் கடித்துத் தின்றால் கிடைக்கும் மருந்துதான் அந்தப் பொடியிலும் இருக்கிறது.

கோபம் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இதே ஆட்கள்தான் "ஆப்பிரிக்காவா, கொன்னு போட்டுருவாங்களே" என்று அம்மாவைப் பயமுறுத்தி அனுப்பினார்கள். இங்கே குற்றம் இல்லை என்று சொல்லவில்லை, ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் திரும்பி வரும்போது ம்டுபட்டுபா பக்கத்தில் டயர் பஞ்சரானது. வழியில் போன, இந்தப் பகுதி ஜூலு இனத்துக்காரர் ஒருவர் தானாக நிறுத்தி, சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். பணம் நீட்டியபோது வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்து "மாமா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார், அவர்கள் மொழியில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இதைக் குழுவில் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மே முதல் செப்டம்பர் வரை வாருங்கள். குளிர்காலம், மழை இருக்காது, புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், மிருகங்கள் தண்ணீரைத் தேடி வரும். காலையில் நல்ல குளிர் அடிக்கும், பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். "ஐந்து பெரிய மிருகமும் (சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம்) கேரண்டி" என்று சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள். தங்க ஹில்டாப், ம்பிலா என்று இரண்டு முகாம்கள் உள்ளேயே இருக்கின்றன, முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். காண்டாமிருகத்தைப் படம் எடுக்கும்போது மட்டும் போனில் லொகேஷனை அணைத்துவிடுங்கள், எந்தச் சாலை, எந்தக் குட்டை என்று எங்கேயும் எழுதாதீர்கள், வேட்டைக்காரர்களுக்கு அது வழிகாட்டிவிடும். நானும் அதனால்தான் அந்தக் குட்டை எங்கே இருக்கிறது என்று இங்கே சொல்லவில்லை.