வரிப் பணத்தில் நடக்கும் பொருளாதார ஆய்வு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அரசுப் பணத்தில் நடக்கும் பொருளாதார ஆய்வுகளைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மகிழ்ச்சி. வீடு வீடாகப் போய் விவரம் கேட்கும் களப்பணியாளராகத் தொடங்கி, பிறகு தரவுகளை அலசும் வேலைக்கு வந்தவள் நான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வங்கி ஊழியர், சேலம்: மேடம், பொருளாதார ஆய்வு என்றால் டெல்லியில் ஜிடிபி கணக்குப் போடுவது என்றுதான் நினைத்திருந்தேன். நம்ம ஊரில் என்ன நடக்கிறது?

நம்ம ஊரில் இது நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சங்கதி சார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு அதில் ஒன்று. அதே ஊர்களுக்கு 1930களிலும், 1980களிலும், அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். ஒரு ஊரில் நிலம் எப்படிக் கைமாறியது, நிலக்காரரிடம் கட்டுப்பட்டு உழைக்கும் பண்ணையாள் முறை எப்படி ஓய்ந்தது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்க்க முடிகிற இடங்கள் உலகத்திலேயே குறைவு.

பணம் பெரும்பாலும் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து விவரம் கேட்கும் தேசிய மாதிரி ஆய்வைப் போல அரசே நடத்துவது. புள்ளியியல் அறிஞர் மஹாலனோபிஸ் முன்னின்று 1950இல் தொடங்கியது அது. இன்னொன்று, 1969இல் அமைந்த இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் தரும் நிதி. சென்னை அடையாறில் பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷய்யா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், இந்தக் கழகமும் தமிழக அரசும் தரும் நிதியில்தான் நடக்கிறது.

முதுகலை மாணவி, திருநெல்வேலி: அக்கா, முதல் தடவையாக வேலைவாய்ப்பு சர்வேக்குப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பெண்களிடம் கேட்கிற இடத்தில்ம்மா.

"வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால், "இல்ல, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்பார்கள். அப்படிச் சொல்லும்போதே மடியில் பீடித் தட்டு இருக்கும். பின்னால் மாடு கட்டியிருக்கும். பதிலை அப்படியே எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால், அந்தப் பெண் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுவார். உன் மாவட்டத்தில் பீடி சுற்றுகிறவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். அதனால் ஒவ்வொன்றாகக் கேள்: பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறீர்களா, பீடி சுற்றுகிறீர்களா, நடவுக்கோ களை எடுக்கவோ போனீர்களா, கடையில் கல்லாவில் உட்காருகிறீர்களா, நூறு நாள் வேலைக்குப் போனீர்களா. கணவரோ மாமியாரோ குறுக்கே பதில் சொன்னால், பணிவாக, "அக்கா நீங்களே சொல்லுங்க" என்று அவரிடமே திரும்பிக் கேள்.

2019இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். சம்பளமில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் அதில் ஒரு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டிருந்தார்கள். அந்த வேலையில் கைவைத்த ஆண்கள் 97 நிமிடம். அப்படிக் கைவைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். 2023இல் மகளிர் உரிமைத் தொகை வந்தபோது, வீட்டில் பெண்கள் செய்யும் உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசு சொன்னது. அந்த வாதத்துக்கு எண்ணில் ஆதாரம் கிடைப்பது இப்படிப்பட்ட கணக்கெடுப்பிலிருந்துதான்.

அரசுப் பள்ளி ஆசிரியை, தென்காசி: சில குழந்தைகளுக்கு ஒரு திட்டத்தைக் கொடுத்து, சில குழந்தைகளுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பது பாவமில்லையா?

நியாயமான கேள்வி டீச்சர். எல்லோருக்கும் கொடுக்க வசதி இருந்தும், பலன் உறுதியாகத் தெரிந்தும், ஆய்வுக்காக மறுத்தால் அது தவறு. நான் அதற்கு உடன்பட மாட்டேன். ஆனால் பல சமயம் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அங்கே ஒரே பணியாளர் எடை பார்க்க வேண்டும், ரெஜிஸ்டர் எழுத வேண்டும், பாடமும் சொல்லித்தர வேண்டும். அரைநாள் பணிக்கு இன்னொருவரை, முன்பருவக் கல்விக்கென்றே போட்டால் என்ன ஆகும்? எல்லா மையத்துக்கும் ஆள் போட முடியாத நிலையில், எந்த மையத்துக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். சிபாரிசில் முடிவாவதைவிட அது நேர்மையானது.

ஒன்றரை வருஷத்தில் அந்த மையங்களில் சொல்லித்தரும் நேரம் இரண்டு மடங்கானது. பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்தன, பழைய பணியாளருக்கு அதைக் கவனிக்க நேரம் கிடைத்ததால். ஒப்பிட வேறு மையங்கள் இல்லாவிட்டால், பிள்ளைகள் வளர வளரத் தானாக வந்த முன்னேற்றம் இது என்று யாரும் ஒதுக்கித் தள்ளியிருக்கலாம்.

குலுக்கல் இல்லாமலும் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் குழந்தைகளின் படிப்பைப் பற்றிக் கொரோனாவுக்கு முன் 2019இல் எடுத்த விவரம் கையில் இருந்ததால், அதே கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை 2021 டிசம்பரிலிருந்து மறுபடி சோதித்தார்கள். கணக்கில் ஏற்பட்ட பின்னடைவு மொழியில் ஏற்பட்டதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்வாசி, இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டத்தால் வந்தது. சாயங்காலம் தெருவில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்த தன்னார்வலர்களுக்கு இந்த எண் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மதுரை: முடிவு பிடிக்காவிட்டால் அரசு அமுக்கிவிடாதா?

அமுக்கியதுண்டு ஐயா. 2017-18 வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் வேலையின்மை 6.1 சதவீதம் என்று வந்தது. அறிக்கை தாமதமானதைச் சுட்டிக்காட்டி, 2019 ஜனவரியில், அரசுப் புள்ளிவிவரங்களை மேற்பார்க்கும் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் பி.சி. மோகனன், ஜே.வி. மீனாட்சி இருவரும் பதவி விலகினார்கள். மக்களவைத் தேர்தல் முடிந்து மே மாதம்தான் அறிக்கை வெளியானது. குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்று பார்க்கும் அதே 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைத் தரம் சரியில்லை என்று சொல்லி, வெளியிடவே போவதில்லை என்று அறிவித்தார்கள். குறை இருந்தால் குறையோடு வெளியிட்டு, இன்னின்ன இடத்தில் எச்சரிக்கையாகப் படியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதனால் 2011-12க்கும் 2022-23க்கும் நடுவில் வறுமை எப்படி மாறியது என்பதற்கு நேரடி நுகர்வுக் கணக்கு இல்லாமல் போனது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உட்கார்ந்து பதில் சொன்னதெல்லாம் அலமாரிக்குள் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அரசு கொடுத்தது மக்கள் பணம். முடிவும் மக்களுடையது.

இல்லத்தரசி, அரியலூர்: தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 5,310 ரூபாய் செலவு என்று படித்தேன். எங்கள் தெருவில் நாலு பேர் உள்ள வீட்டில் 21,000 யாரும் செலவழிப்பதில்லையே?

நீங்கள் சொல்வதும் சரி, 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் அந்த எண்ணும் சரி. அது சராசரி. அதிகம் செலவழிக்கும் சில வீடுகள் அதை மேலே இழுத்துவிடும். கையிலிருந்து காசாகக் கொடுத்தது மட்டும் அதில் இல்லை, சொந்த வயல் நெல்லுக்கும் வீட்டுப் பாலுக்கும் விலை போட்டுச் சேர்ப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கும் தீபாவளித் துணி, வாங்கிய ஃபிரிட்ஜ் எல்லாம் மாதக் கணக்காகப் பிரிந்து வரும். இலவச ரேஷன் அரிசியின் மதிப்பு இந்த 5,310இல் இல்லை, அதைத் தனியாகக் காட்டியிருக்கிறார்கள்.

பத்திரிகையாளர், கோவை: மூலத் தரவு வெளியாட்களுக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்தால் குடும்ப அளவிலான தரவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருக்கும். மாவட்ட அளவில் முடிவு எழுதுவதற்கு முன்னால், கணக்கெடுப்புக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளில் அந்த மாவட்டத்து வீடுகள் எத்தனை என்று பாருங்கள், மிகக் குறைவாக இருந்தால் அந்த முடிவை நம்ப முடியாது.

பெயர் வேண்டாம் என்றவர்: சர்வேக்கு வந்தால் உண்மையைச் சொல்லலாமா? ரேஷன் கார்டும் உரிமைத் தொகையும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தை நான் வாசல் வாசலாகப் பார்த்திருக்கிறேன். வண்டி இருப்பதைச் சொல்லாமல் விடுவார்கள், நகை பற்றிக் கேட்டால் முகம் மாறும். 2008ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி எடுக்கும் விவரத்தைப் புள்ளியியலுக்குத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, வெளியே சொன்னால் தண்டனையும் உண்டு. வந்தவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள், எந்தத் துறை, எதற்காக என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஓடிபியோ வங்கிக் கணக்கு ரகசிய எண்ணோ கேட்டால் அது சர்வே இல்லை, கதவைச் சாத்திவிடுங்கள். திட்டத்துக்குத் தகுதி பார்க்க வருகிற ஆய்வு வேறு, அதில் பெயரோடுதான் எழுதுவார்கள். இது எந்த வகை என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.